எக்ஸ்டரா, டியாகோ இவியா? ராத்திரி வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது. கோவை வடவள்ளியில் வாடகை வீடு, கீழ்த்தளம், தனி மீட்டர், போர்டிகோவில் ஒரு கார் நிற்க இடம். அலுவலகம் போய்வர நாளுக்கு நாற்பது கிலோமீட்டர். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன். மதுரையில் வயதான அப்பா அம்மா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஊட்டி. வீட்டுக்கு இதுதான் முதல் கார். ஆன்ரோடு பட்ஜெட் பதினோரு லட்சம். ஹூண்டாய் எக்ஸ்டர் ஏஎம்டி (கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டி) எடுப்பதா, டாடா டியாகோ இவி (எலெக்ட்ரிக் கார்) எடுப்பதா?

இந்தக் கேள்விக்கு யூடியூபில் வரும் பதில்கள் பெரும்பாலும் மைலேஜில் தொடங்கி மைலேஜிலேயே முடிந்துவிடும். நான் முதலில் கேட்பது வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்பதைத்தான். நீங்கள் வாடகை வீடு என்று சொல்லியிருப்பதால் அதைக் கேட்காமல் மேலே போகவே முடியாது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். எக்ஸ்டரைப் பார்த்ததும் எஸ்யூவி என்று மனசு சொல்லும். கருப்பு கிளாடிங், ரூஃப் ரெயில், நிமிர்ந்த மூக்கு. அடியில் இருப்பது ஹூண்டாயின் சின்னக் காரான கிராண்ட் ஐ10 நியோஸின் பிளாட்ஃபார்ம், அதாவது அடிச்சட்டம். இஞ்சினும் அதே 1.2 லிட்டர் கப்பா, 83 குதிரைத்திறன். டாடா பஞ்சும் அப்படித்தான், ஆல்ட்ரோஸின் பிளாட்ஃபார்மில் வந்த வண்டி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஹேட்ச்பேக்குகளை. ஒன்று உயரமாகக் கட்டப்பட்டது, இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. அப்படி வைத்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி போய்விடும்.

அந்த உயரத்தால் உண்மையான பயன் ஒன்று உண்டு, அதை ஷோரூமில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முட்டி வலி உள்ள பெரியவர்கள் ஏறி இறங்குவது. எக்ஸ்டரின் சீட் இடுப்பு மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். டியாகோவில் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார வேண்டும், இறங்கும்போது கதவைப் பிடித்து எழ வேண்டும். அம்மா அப்பாவை மதுரையில் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் இந்த வண்டியில்தான் கூட்டிப்போகப் போகிறீர்கள் என்றால், தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி 185 மில்லிமீட்டரா 166 மில்லிமீட்டரா என்பதைவிட இது பெரிய விஷயம். டெஸ்ட் டிரைவ் போகும்போது அவர்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் பாருங்கள்.

டிக்கியிலும் எக்ஸ்டர்தான் முன்னால். 391 லிட்டர். டியாகோ இவியில் 240 லிட்டர். டியாகோவில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியிலும் டிக்கித் தரைக்கு அடியிலுமாக இருப்பதால் ஸ்டெப்னி கிடையாது, பங்சர் கிட் மட்டும்தான் தருகிறார்கள். ஆணி குத்தினால் அந்தக் கிட் சமாளிக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது, இழுவை வண்டிதான். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், அம்மா கட்டிக்கொடுக்கும் சம்படங்கள் எல்லாம் ஏறும் வீடு என்றால் 240 லிட்டர் முதல் பயணத்திலேயே நிறைந்துவிடும்.

இனி பார்க்கிங். உங்களுக்குத் தனி மீட்டர் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்படி, வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வண்டியைச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஹவுஸ் ஓனர் சம்மதம் என்பது வேறு சமாச்சாரம். "கார் சார்ஜ் போட்டா வயர் எரிஞ்சுடும்" என்று பயப்படுகிற ஓனர்கள் நிறையப் பேர். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தப்பாகப் போட்டால் நிஜமாகவே எரியும்.

டியாகோ இவியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் சொருகுவது. அது 3.3 கிலோவாட் வரை இழுக்கும், கிட்டத்தட்ட 14 ஆம்பியர். கீசரும் இதற்குப் பக்கத்தில் இழுக்கும்தான், ஆனால் கீசர் பத்து நிமிடத்தில் கட் ஆகிவிடும். முழு சார்ஜ் என்றால் கார் எட்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுக்கும். ஏற்கெனவே சமையலறைக்கோ ஏசிக்கோ போகிற லைனிலிருந்து இழுத்து ஒரு சாக்கெட் போட்டால், இரண்டாவது மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடும். சாக்கெட்டின் வாய் பழுப்பாகும், ஒருநாள் உருகும். அதனால் மீட்டர் போர்டிலிருந்து நேராக ஒரு தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 20 ஆம்ப் எம்சிபி (லோடு மிஞ்சினால் கட் ஆகும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் கட் ஆகும் சுவிட்ச்), நல்ல தொழிற்சாலை ரக சாக்கெட். இதைச் செய்யும் எலெக்ட்ரீஷியன் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதைவிட அதிகமாகக் காட்டினால் எர்த் குழி செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த எர்த்தில் சார்ஜர் சிவப்பு லைட் காட்டி வேலை செய்ய மறுக்கும், "வண்டியில் ஃபால்ட்" என்று நீங்கள் சர்வீஸ் சென்டருக்கு அலைவீர்கள். இப்படிப் புகார் சொல்லும் பலருக்கு வண்டியில் ஒரு குறையும் இருப்பதில்லை. எர்த் குழிதான் காய்ந்து கிடக்கும்.

மின் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்பதையும் மின் அட்டையில் பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டு மூன்று கிலோவாட்தான் எழுதியிருக்கும். ஏசி ஒன்று, கார் ஒன்று சேர்ந்தால் தாண்டிவிடும். லோடு கூட்ட விண்ணப்பம் போட வேண்டும், இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து வேண்டும். இதையெல்லாம் வண்டி புக் பண்ணுவதற்கு முன்பே ஓனரிடம் பேசி, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். வீடு மாறினால் அந்த லைனைக் கழற்றி எடுத்துப் போகலாம். அதிகம் போனால் வயரும் கூலியும்தான் நஷ்டம். அடுத்த வீட்டில் போர்டிகோ இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் நிஜமான கவலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் ஆள் என்றால் நான் இங்கேயே நிறுத்திக்கொண்டு எக்ஸ்டரை எடுக்கச் சொல்லிவிடுவேன். தினமும் பொதுச் சார்ஜரை நம்பி ஒரு சின்ன எலெக்ட்ரிக் காரை ஓட்டுவது காசும் மிச்சமாகாத, நேரமும் மிச்சமாகாத வேலை.

ஓனர் சரி என்று சொல்லிவிட்டார் என வைத்துக்கொண்டு காசுக் கணக்குக்குப் போவோம். இதில் பலர் செய்கிற தவறு, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய், ஆறு ரூபாய் என்று சராசரி போடுவது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் அப்படி வேலை செய்வதில்லை. ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசிக்கு ஏற்கெனவே ஓடும் யூனிட்டுகளின் தலைமேல் காரின் யூனிட்டுகள் ஏறி உட்காரும். அதாவது கார் குடிப்பது எப்போதுமே விலை அதிகமான உச்சி ஸ்லாபில்தான்.

ஒரு உதாரணம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தின்படி முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், அதற்கடுத்த 200 யூனிட் 4.70 ரூபாய். மொத்தம் 1,175 ரூபாய். இப்போது மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு டியாகோ ஊருக்குள் ஏழு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 285 யூனிட் கூடுகிறது, மொத்தம் 685. ஐநூறைத் தாண்டிவிட்டதால் 2.35 ரூபாய் சலுகை போய்விட்டது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, அடுத்த நூறு 6.30, அதற்கடுத்த நூறு 8.40, மீதி 85 யூனிட் 9.45. கூட்டினால் 3,683 ரூபாய். காருக்காக மட்டும் கூடியது 2,508 ரூபாய். யூனிட்டுக்கு 8.80 ரூபாய் விழுகிறது, கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். ஷோரூமில் சொல்லும் ஒரு ரூபாயைவிட அதிகம்தான், ஆனாலும் மோசமில்லை.

எக்ஸ்டர் ஏஎம்டியின் அதிகாரபூர்வ மைலேஜ் 19.2. கோவை டிராஃபிக்கில் ஏசியோடு 14 கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். பெட்ரோலை நூறு ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல், மாதத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம். டியாகோவில் அதே ஓட்டத்துக்கு 1,250. மாதம் 5,900 ரூபாய் மிச்சம்.

இந்த மிச்சத்தை எதற்கு எதிராக வைப்பது என்பதில்தான் சமீபத்தில் ஒரு மாற்றம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் சேர்ந்த 29 போய் 18 சதவீதம் ஆனது. எலெக்ட்ரிக் காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. ஆக, எக்ஸ்டர் ரக வண்டிகள் எட்டு சதவீதத்துக்கு மேல் மலிவாயின, இவி அப்படியே நின்றது. அதற்கு முன் எடுத்த ஒப்பீட்டு வீடியோக்களில் வரும் "இத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்ற கணக்கெல்லாம் இப்போது செல்லாது.

எட்டு லட்சம் ஷோரூம் விலையில் ஒரு எக்ஸ்டர் ஏஎம்டி எடுத்தால், தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை ஆயுள் வரி (சாலை வரிதான்) 13 சதவீதம், அதாவது 1,04,000. இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம். 24 யூனிட் (கிலோவாட் அவர்) பேட்டரி உள்ள டியாகோ இவியை 10.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், சாலை வரி விலக்கு கிடைக்கும்வரை பத்தே முக்கால் லட்சத்துக்குள் வெளியே வரலாம். வித்தியாசம் ஒண்ணேகால் லட்சத்துக்குள். மாதம் 5,900 மிச்சம் என்றால் இருபது, இருபத்தொரு மாதத்தில் சமமாகிவிடும்.

அந்த விலக்கைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் 2023 எலெக்ட்ரிக் வாகனக் கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை என்று தேதி போட்டுத்தான் நூறு சதவீத விலக்கு கொடுத்தார்கள். இப்படித் தேதி போட்டு வரும் சலுகை நீங்கள் பதிவு செய்யும் அன்று நடப்பில் இருந்தால்தான் உங்களுக்கு. இல்லாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். ஷோரூம் விலை பத்து லட்சத்தைத் தாண்டுவதால் வரி 13 இல்லை, 18 சதவீத வரிசைக்குப் போய்விடும். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். வித்தியாசம் மூன்று லட்சத்தைத் தொடும், காசு திரும்ப நாலு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் விற்பனையாளர் தரும் கொட்டேஷனில் சாலை வரி என்ற வரியில் சைபர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

ஓட்டம் குறைந்தாலும் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். மாதம் 500 கிலோமீட்டர்தான் என்றால் மிச்சம் மூவாயிரத்துக்குள். ஒண்ணேகால் லட்சத்தைப் பிடிக்க மூன்றரை வருடம் போலாகும். வீட்டிலிருந்தே வேலை, வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம் என்கிறவர்கள் எரிபொருள் மிச்சத்தைக் காரணமாகச் சொல்லி இவி வாங்குவது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. ஓட்டச் சுகத்துக்காக வாங்கினால் அது வேறு.

ஓட்டச் சுகம் நிஜமாகவே இருக்கிறது. எக்ஸ்டரின் ஏஎம்டி நல்ல கியர்பாக்ஸ்தான். ஆனாலும் ஒவ்வொரு கியர் மாறும்போதும் தலை லேசாக முன்னால் போய் வரும். காந்திபுரத்திலோ லாலி ரோட்டிலோ ஊர்ந்து போகும்போது நாளுக்கு நூறு தடவை. டியாகோ இவியில் கியரே இல்லை, பூஜ்யத்திலிருந்து அறுபதுக்கு ஆறு விநாடிக்குள். பிரேக் மிதியை அதிகம் தொடாமல், ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி நன்றாக வேகம் குறையும் அளவுக்கு ரீஜென் (வேகம் குறையும்போது கரண்டைப் பேட்டரிக்கே திருப்பி ஏற்றும் வசதி) வைத்துக்கொள்ளலாம். நாலு நாள் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் வண்டியில் ஏறினால் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும்.

சார்ஜிங் நேரம் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 15 ஆம்ப் பிளக்கில் பத்திலிருந்து நூறு சதவீதத்துக்கு 8.7 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் நாற்பது கிலோமீட்டருக்கு வேண்டியது ஆறு யூனிட்டுக்குள், இரண்டு மணி நேரம் போதும். 7.2 கிலோவாட் சார்ஜருக்குக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். அது ஒற்றை ஃபேஸில் 32 ஆம்ப் கேட்கும், வாடகை வீட்டின் வயரிங்குக்கு அது தேவையில்லாத தொல்லை.

மதுரைப் பயணத்துக்கு வருவோம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக சுமார் 215 கிலோமீட்டர். 24 யூனிட் டியாகோவுக்கு வெளிவந்தபோது சொன்ன ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 315 கிலோமீட்டர். அது ஆய்வகக் கணக்கு. மூன்று பேர், ஏசி, எண்பது எண்பத்தைந்தில் போனால் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறைத் தொட்டால் இன்னும் குறையும். சின்ன வண்டிக்குக் காற்றுதான் எதிரி. ஆக மதுரைக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம். திண்டுக்கல் வரை சுமார் 150 கிலோமீட்டர், அங்கே போய்ச் சேரும்போது 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் பத்திலிருந்து எண்பதுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதுரைக்கு மீதி 65 கிலோமீட்டர்தான் என்பதால் நாற்பது சதவீதம் ஏற்றினால் போதும், முப்பத்தைந்து நிமிடம். திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிடாமல் யார் போகிறார்கள், எப்படியும் அந்த நேரம் போகத்தான் போகிறது.

ஆனால் 15 சதவீதத்தில் போய் இறங்கி, சார்ஜர் செத்துக் கிடந்தால்? அதனால்தான் ஒட்டன்சத்திரம் பக்கத்திலேயே ஒரு மாற்று இடம் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்வேன். கிளம்பும் முன் டாடா பவர் ஆப், நம்ம கோவைக் கம்பெனியான சியான் ஆப் என்று இரண்டு மூன்றையாவது திறந்து, கடைசியாக அங்கே யாராவது சார்ஜ் ஏற்றியது எப்போது என்று பாருங்கள். ஆப்பில் பச்சைப் புள்ளி இருப்பது மட்டும் போதாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல் நாள் கதை வேறு. ஒரே ஒரு சார்ஜிங் கன், முன்னால் இரண்டு கார், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பையன் பின்சீட்டில் எத்தனை மணி நேரம் பொறுமையாக உட்காருவான் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வெளியே ஏற்றும் கரண்ட் மலிவும் இல்லை. வரியோடு யூனிட்டுக்கு இருபது ரூபாயைச் சுற்றி நிற்கிறது. நெடுஞ்சாலையில் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போனால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்குள். அதே சாலையில் எக்ஸ்டர் 17 கொடுத்தால் ஆறு ரூபாய்க்குள். மிச்சம் உண்டு, ஆனால் வீட்டில் போடுவதுபோல் இல்லை. 37 லிட்டர் டேங்க் நிறைத்தால் எக்ஸ்டர் மதுரை போய்த் திரும்பி வந்தபின்பும் பெட்ரோல் மிச்சமிருக்கும், அந்த நிம்மதிக்கும் ஒரு விலை போடுங்கள். சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் டியாகோவில் போகலாமா என்று கேட்டால், போகலாம், மூன்று நிறுத்தம், மொத்தம் இரண்டரை மூன்று மணி நேரம் கூடும். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துக்கொள்வது உத்தமம்.

ஊட்டிதான் சுவாரசியமான கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240. ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,400 கிலோ எடையை 1,900 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டும் ஏழு யூனிட்டுக்கு மேல் வேண்டும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் எட்டு. அது உயரத்துக்கு மட்டும். சாலையில் உருளுவதற்கு நாலு யூனிட், வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வரை நாலரை யூனிட். கூட்டினால் பதினாறு, பதினேழு. 24 யூனிட் வண்டி ஊட்டியில் கால்வாசிக்கு மேல் சார்ஜோடு போய் நிற்கும். சின்ன பேட்டரி போட்ட 19.2 யூனிட் டியாகோ குன்னூர் தாண்டும்போதே உங்களைக் கடிகாரத்தையும் சதவீதத்தையும் மாறி மாறிப் பார்க்கவைக்கும். மலைக்குப் போகிற வீடு சின்ன பேட்டரி வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இறங்கும்போது இந்த வண்டியின் அழகு தெரியும். மேலே தூக்கிய எட்டில் ஒரு பகுதி ரீஜெனில் திரும்பி வரும். பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம் வந்து பார்த்தால் ஊட்டியில் இருந்த சதவீதம் பெரிதாகக் குறைந்திருக்காது. பிரேக் சூடாகி நாறும் வாசனையும் கிடையாது. ஒன்றே ஒன்று: தங்குமிடத்தில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியால் திரும்பி வருவதை வாங்க முடியாது. ரீஜென் வேலை செய்யாமல் முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும், அதுவும் கல்லாறு கொண்டை ஊசிகளில். எண்பதில் நிறுத்திக்கொள்ளுங்கள். எக்ஸ்டர் எடுத்தால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஏஎம்டியை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியரிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டா மூன்றா என்று அதுவே குழம்பிக்கொண்டு வரும்.

பேட்டரி போய்விட்டால் என்ன என்பது எல்லோரும் கேட்பது. எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. உங்கள் ஓட்டத்துக்கு எட்டு வருடம்தான் முதலில் வரும். இதில் இருப்பது எல்எஃப்பி ரக செல். வெயிலுக்கும் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதற்கும் மற்ற ரகங்களைவிடத் தாங்கும். தினமும் எண்பது வரை ஏற்றிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது மெதுவாக நூறு வரை விடுங்கள். இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். நான் பயப்படுவது விற்கும்போது கிடைக்கும் விலைக்குத்தான். ஆறு வருடப் பழைய எக்ஸ்டருக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். ஆறு வருடப் பழைய இவியை வாங்க வருபவர், வாரண்டியில் மீதி எத்தனை என்றுதான் முதலில் கேட்பார். ஐந்து வருடத்தில் மாற்றும் பழக்கம் இருந்தால் இதை மனதில் வையுங்கள். பத்து வருடம் ஓட்டுகிற ஆள் என்றால் பெரிதாக யோசிக்க வேண்டாம்.

மழைக்காலம். லங்கா கார்னர், கிக்கானி பாலம் அடியில் தண்ணீர் நின்றால் பெட்ரோல் வண்டிக்குள் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் போய் இஞ்சின் அடைத்துக்கொள்ளும். இவியின் பேட்டரியும் மோட்டாரும் ஐபி67 தரம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. அதற்காக இறங்கிவிடாதீர்கள், மற்ற வயரிங் எல்லாம் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். இன்சூரன்ஸில் எக்ஸ்டருக்கு இஞ்சின் பாதுகாப்பு, டியாகோவுக்குப் பேட்டரி பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் எக்ஸ்டருக்கு ஒரு பலம்: ஆரம்ப வேரியண்டிலிருந்தே ஆறு ஏர்பேக். டியாகோவில் நீங்கள் எடுக்கும் வேரியண்டில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். டியாகோ பெட்ரோல் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது, ஆனால் அது பழைய விதிமுறை. இந்த விஷயம் உங்களுக்கு முதன்மை என்றால் பஞ்ச் இவியைப் பாருங்கள். 2024-இல் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. உயரமும் உண்டு, கரண்டிலும் ஓடும். வந்தபோது 10.99 லட்சம், அதே வருடம் 9.99-க்கு இறக்கினார்கள். உங்கள் இரண்டு ஆசையும் ஒரே வண்டியில் தீரும், ஆனால் கொஞ்சம் நல்ல வேரியண்ட் என்றாலே பட்ஜெட்டை இழுத்துவிடும். எடையும் உயரமும் கூட என்பதால் யூனிட்டுக்கு ஓடும் தூரமும் டியாகோவைவிடக் குறையும். எக்ஸ்டர் சிஎன்ஜி இன்னொரு வழி, கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் போல் ஆகும். இரண்டு சின்ன சிலிண்டர் வைத்த மாடலில் டிக்கியும் ஓரளவு தப்பும். ஆனால் அதில் ஏஎம்டி கிடையாது, கிளட்ச் மிதிக்கத் தயாரா என்று யோசியுங்கள்.

உங்கள் நிலைமைக்கு என் பதில்: ஓனர் எழுதிக்கொடுத்தால், மூன்று நாலு வருடமாவது அதே வீட்டில் இருப்பீர்கள் என்றால், சாலை வரி விலக்கும் நடப்பில் இருந்தால், 24 யூனிட் டியாகோ இவி. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், நிழலில் ராத்திரி நிற்க இடம், வருடத்துக்கு ஆறேழு மதுரைப் பயணம், இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்கென்றே செய்த வண்டி மாதிரிதான். முதலில் சொன்ன மூன்று நிபந்தனையில் ஒன்று தட்டினாலும் எக்ஸ்டர் ஏஎம்டி எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். அப்பா அம்மா கோவைக்கே வந்து உங்களோடு தங்கப்போகிறார்கள் என்றாலும் எக்ஸ்டர்தான். ஐந்து பேர், முட்டி வலி, மாதாமாதம் ஊர்ப்பயணம் என்று கணக்கே மாறிவிடும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் முன்னால் இருக்கும் அரை கிலோமீட்டர் போதாது. டியாகோவை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். போர்டிகோவில் நிறுத்தி, அந்தப் போர்ட்டபிள் சார்ஜரை எடுத்து, வயர் சாக்கெட் போடப்போகும் சுவர் வரை எட்டுகிறதா என்று பாருங்கள். டியாகோவின் சார்ஜிங் மூடி, பெட்ரோல் ஊற்றும் மூடி இருக்குமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. மூக்கை முன்னால் விட்டு நிறுத்துவதா, ரிவர்ஸில் விட்டு நிறுத்துவதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஓனரும் அப்போது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.